மத்தியான வரிசை

எம்.இ. படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் பி.இ.யில் ஃபெயிலாகிவிட்டேன் என்று நினைத்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் தெருவில் எனக்கு முன்னால் பி.இ. முடித்தவனே கிடையாது. முடித்தவன் வேலைக்குப் போவான், மறுபடியும் காலேஜுக்குப் போகிறவன் பாஸாகாதவன் என்பது அவர்கள் கணக்கு. குழாயடியில் ஒரு அத்தை என் அம்மாவிடம், "அம்புட்டுப் படிச்சும் இன்னும் ரெண்டு வருசம் பாக்கி நிக்கிதாமே?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா என்ன பதில் சொன்னாள் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்த வேகத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ஊர் நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில். பல்கலைக்கழகத்துக்குப் போகிற பஸ்கள் எங்கள் வயல்களைத் தாண்டித்தான் போகும். வயல்கள் என்று சொல்கிறேன், எங்களுடையது இல்லை. அய்யா, அதாவது என் அப்பா, முப்பது வயது வரை அடுத்தவன் வயலில் கூலிக்கு இறங்கியவர். அப்புறம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். எம்.இ. என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நாம கட்டணுமா, அவுக தருவாகளா?"

"தருவாங்கய்யா. மாசாமாசம்."

"அப்ப போ" என்றார். அத்தோடு அவர் பக்கம் பேச்சு முடிந்தது.

நான் ஏன் போக நினைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அறிவுப் பசி, ஆராய்ச்சி ஆர்வம் என்றெல்லாம் எழுதினால் பொய். பி.இ. சிவில் முடித்துவிட்டுக் கோச்சடையில் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தேன். வைகைக் கரைப் பக்கம் வீடுகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்த காலம். எனக்குப் பெயர் சைட் இன்ஜினியர். செய்த வேலை, சுவருக்குத் தண்ணீர் அடித்தார்களா, சிமெண்ட் மூட்டை சரியாக இறங்கியதா என்று பார்ப்பது. எந்த பீமில் எத்தனை கம்பி, என்ன கனம் என்று முடிவு செய்கிற வேலையை ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒருவர் செய்தார். அவர் எம்.இ.யில் ஸ்ட்ரக்சர்ஸ், அதாவது கட்டட வடிவமைப்பு, படித்தவர். ஒரு தடவை அவரிடம் போய், இந்த இடத்தில் மேல்கம்பி ஏன் கம்மியாக இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். ட்ராயிங்கிலிருந்து தலையைத் தூக்காமல், "போட்டபடி கட்டச் சொல்லுப்பா" என்றார். அவர் தப்பாகப் போட்டிருந்தார் என்று சொல்ல வரவில்லை. சரியாகவே இருந்திருக்கும். ஆனால் அது ஏன் சரி என்பது எனக்குத் தெரியவில்லை. நாலு வருடம் படித்தவனுக்கு அதைச் சொல்ல அவருக்கு மனசும் இல்லை. அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் நான் உட்கார வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

பழைய வாத்தியார் ஒருவர், "மண்ணியல் எடு, போட்டி கம்மி" என்றார். இன்னொருவர் ஹைட்ராலிக்ஸ் எடுத்தால் சர்க்கார் வேலை நிச்சயம் என்றார். கேட்பவனுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் எதில் போட்டி இல்லையோ அதில்தான் போய் விழ வேண்டும் என்று ஒரு எண்ணம் எல்லோருக்கும் இருந்தது. நான் எல்லா விண்ணப்பத்திலும் ஸ்ட்ரக்சர்ஸ் மட்டும் போட்டேன். மெட்ராஸுக்குப் போட்டதற்குப் பதிலே வரவில்லை. மதுரைக்கு வடக்கே கண்மாய்க் கரையை ஒட்டியிருந்த ஒரு கல்லூரியிலிருந்து மட்டும் சேர்க்கைக்கு நேரில் வரச் சொல்லிக் கார்டு வந்தது.

அதே கார்டு என் கூட்டாளிக்கும் வந்தது. அவனும் நானும் பி.இ.யில் ஒரே பெஞ்சு. கோச்சடையில் ஒரே காண்ட்ராக்டரிடம் வேலை. அவனும் எங்கள் ஆட்கள்தான், வைகைக்கு அந்தப் பக்கம் ஊர். எம்.இ. சேருவதற்கான கேட் தேர்வு வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. அதற்கு நாங்கள் சைட்டில் சிமெண்ட் அடுக்கிய கொட்டகையில் உட்கார்ந்து சேர்ந்து படித்தோம். ஒரே புத்தகம், ஆளுக்கு ஒரு பக்கம். இவ்வளவு சேர்ந்து படித்தும் ஒரு விஷயத்தை நாங்கள் பேசவே இல்லை. அந்தக் கல்லூரியில் ஸ்ட்ரக்சர்ஸுக்குப் பொதுப்போட்டியில் நாலு இடம், எஸ்.சி.க்கு ஒரே ஒரு இடம், மீதி பி.சி.க்கு. எங்கள் இரண்டு பேரில் ஒருத்தனுக்குத்தான் கிடைக்கும். என் மார்க்தான் அதிகம். அவனுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

கார்டில் பிற்பகல் இரண்டு மணி என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் ஆபீஸ் காரியம் என்றால் இரண்டு மணிக்கு வரச் சொன்னாலும் முதல் பஸ்ஸுக்கே கிளப்பிவிடுவார்கள். ரேஷன் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி எங்கே போனாலும் காத்துக் கிடந்தே பழகியவர்கள். லேட்டாகப் போனால் அதையே சாக்காக வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்கிற பயம். அவன் வீட்டிலும் அதே கதை. பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னாலேயே நின்றான்.

"லீவு சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"கணக்க முடிச்சிட்டேன் மாப்ள."

"என்னது?"

"ஒருத்தனுக்குத்தான் லீவாம், நான் போனா திரும்பி வராதன்னான் காண்ட்ராக்டரு. சரி வரலன்னு சொல்லிட்டேன்."

"கெஞ்சிக் கேட்டுருக்கலாம்லடா."

"நீ லீவு போட்டுருக்கேல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டான். எனக்குச் சீட்டுக் கிடைத்தால் அவனுக்குக் கிடைக்காது. அவனுக்கு வேலையும் போய்விட்டது. இதைத் தெரிந்துகொண்டே கணக்கை முடித்துவிட்டு வந்திருக்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. பஸ்ஸில் அவனை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணிகூட ஆகவில்லை. வராந்தாவில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். முதலில் எல்லோரையும் சேர்த்து மார்க் வரிசைப்படி ஒரு பட்டியல். அதில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது. பக்கத்தில் எஸ்.சி. பட்டியல். அதில் நான் முதல், அவன் இரண்டாவது.

"மூணாவதாடா நீ? அம்புட்டுப் பேருலயுமா?" என்று முதுகில் ஒன்று வைத்தான். அப்புறம் பட்டியலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

காலை வரிசை பொதுப்போட்டிக்கு. கதவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை நின்றது. அதில் மீதி இடம் நாலு என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. உள்ளே ஒருத்தன் சீட்டை வாங்கியதும் அட்டெண்டர் வந்து துணியால் அழித்து ஒன்று குறைத்து எழுதுவார். ஹெட்கிளார்க் கதவருகே நின்று கூப்பிட்டார். முதல் பெயர். போனான், வந்தான், நாலு மூன்றானது. இரண்டாவது பெயர். மூன்று இரண்டானது. நான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் நாலாவது பெயரைக் கூப்பிட்டார்.

கண் தவறி என் பெயரை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"சார், மூணாவது நான்."

கார்டை வாங்கிப் பார்த்தார். "தம்பி, உங்களுக்கு மத்தியானம். ரெண்டு மணின்னு போட்ருக்குல்ல."

"இந்தப் பட்டியல்ல மூணாவது என் பேரு இருக்கு சார்."

"இருக்கும். எல்லார் பேரும்தான் இருக்கு. உங்க ஃபைல் அந்தக் கட்டுல இருக்கு." மேஜை மேல் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்த சின்னக் கட்டைக் காட்டினார். "போய்ச் சாப்பிட்டு வாங்க. உங்களுக்கு எப்படியும் சீட்டு உண்டு, ஏன் அலையிறீங்க?"

நல்ல மாதிரிதான் சொன்னார். திட்டவில்லை. அதனால்தான் எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரமானது. பெஞ்சுக்குத் திரும்பி வரும்போது விளங்கிவிட்டது. மார்க்கில் மூன்றாவது வந்தவனுக்குப் பொதுப்போட்டியிலேயே இடம் உண்டு. அதை நான் எடுத்தால் எஸ்.சி. இடம் அப்படியே இருக்கும், அது இவனுக்கு வரும். என்னை மத்தியானத்துக்குத் தள்ளினால் அந்த ஒற்றை இடத்தில் நான் போய் உட்காருவேன், இவன் வீட்டுக்குப் போவான். பொதுவில் எனக்கு வர வேண்டியதை வேறொருத்தன் எடுத்துக்கொள்வான். யாருமே திருடியதாக இருக்காது. ஃபைல் வேறு கட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

அட்டெண்டர் வந்து இரண்டை அழித்து ஒன்று என்று எழுதினார்.

"டே, அந்த ஒன்ன நான் எடுத்தாகணும். நான் எடுத்தா மத்தியானம் உனக்குடா" என்றேன்.

"தெரியும். உக்காரு."

"எப்பத் தெரியும்?"

"பட்டியலப் பாத்ததும்."

"ஏன்டா சொல்லல?"

என் கையைப் பிடித்து இழுத்தான். "நீ உள்ள போயி சத்தம் போடுவ. அவிங்களுக்குக் கோவம் வந்து ரெண்டையும் இல்லன்னுட்டா என்ன செய்வ? சர்டிபிகேட்டுல அது சரியில்ல இது சரியில்லன்னு ஒரு நிமிசத்துல சொல்லிருவாங்க. ஒன்னாச்சும் நிக்கட்டும் மாப்ள. நான் பாத்துக்கிறேன்."

"என்னத்தப் பாத்துக்கிருவ? காண்ட்ராக்டர் கால்ல விழுவியா?"

பிடித்த கையை அவன் விடவில்லை. அவன் சொன்னது நடக்காது என்று எனக்கு நிச்சயமில்லை. நடக்கும் என்றுதான் பயம். எங்கள் பெஞ்சுக்கு எதிரே ஐந்தாவது பெயர்க்காரன் தன் அப்பாவோடு உட்கார்ந்திருந்தான். ஹெட்கிளார்க் அவன் ஃபைலைக் கையில் எடுத்தார். நான் கையை உதறிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியர்தான் தலைவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பின்னாலேயே ஹெட்கிளார்க் வந்து, "மத்தியான கேண்டிடேட் சார், சொன்னாக் கேக்க மாட்டேங்கிறார்" என்றார்.

"சார், பொதுப்பட்டியல்ல நான் மூணாவது. என்னக் கூப்பிடல" என்றேன். சொல்லும்போது என்னை அறியாமல் கையைக் கட்டிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

தலைவர் பட்டியலைப் பார்த்தார். பிறகு பொறுமையாகப் பேசினார். "உனக்கு சீட்டு இல்லைன்னு யாரும் சொல்லலையேப்பா. மத்தியானம் உனக்கு இதே ஸ்ட்ரக்சர்ஸ்தான் கிடைக்கப்போகுது. எந்தக் கதவு வழியா வந்தா என்ன?"

"அந்தக் கதவுக்குப் பின்னாடி இன்னொருத்தன் நிக்கிறான் சார்."

"அவன் பிரச்சினை அவனுக்கு. நீ உன்னைப் பாரு. பொதுவில் எடுத்தா உனக்கு சலுகை எதுவும் வராது, தெரியுமா? ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல் எல்லாம் போயிடும்."

அது உண்மை இல்லை. எனக்கு அப்போது அது உண்மையா பொய்யா என்று தெரியாது. அவருக்கும் தெரியாமல் சொல்லியிருக்கலாம். கேட் தேர்வெழுதி வந்தவனுக்கு மாசப் பணம் வரும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். அது போதும் என்று அந்த இடத்தில் கணக்குப் போட்டேன்.

"போகட்டும் சார். என் ரேங்குக்கு உள்ளத குடுங்க."

ஓரத்தில் இருந்தவர், "பிடிவாதம் பாருங்க" என்று சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் குனிந்து ஏதோ பேசினார்கள். பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

"எழுதிக் கொடு. எஸ்.சி. இடம் எனக்கு வேண்டாம், பின்னால் கேட்க மாட்டேன்னு உன் கைப்பட எழுதிக் கொடு. அப்புறம் பொதுவில் பரிசீலிப்போம்."

பேனாவை எடுத்துவிட்டேன். முதல் வரியில் என் பெயரையும் எழுதிவிட்டேன். அப்போதுதான் அந்த வார்த்தை காதில் திரும்பியது. பரிசீலிப்போம். நான் எழுதிக் கொடுத்ததும் பரிசீலித்து இல்லை என்றால் எனக்கு இரண்டுமே போச்சு. கோச்சடையில் காண்ட்ராக்டர் சம்பள நாளன்று இப்படித்தான் செய்வார். முதலில் வவுச்சரில் கையெழுத்து, பிறகு காசு என்பார். கையெழுத்துப் போட்டபின் காசு குறையும். கொத்தனார்கள் ரெண்டு மூன்று தடவை ஏமாந்த பிறகு, காசை எண்ணி மேஜையில் வைத்தால்தான் பேனாவைத் தொடுவார்கள். நானும் பேனாவைக் கீழே வைத்தேன்.

"மொதல்ல வெளிய போர்டுல அந்த ஒன்ன அழிக்கச் சொல்லுங்க சார். அழிச்சதும் எழுதித் தாரேன்."

"என்ன சொன்ன?"

"போர்டுல அழிக்கணும். இந்தப் பட்டியல்ல என் பேருக்கு நேரா நீங்க டிக் போடணும். அப்பறம் என்ன எழுதச் சொன்னாலும் எழுதுறேன்."

ஹெட்கிளார்க் என் தோளில் கை வைத்தார். நான் நகரவில்லை. உட்காரும்படி யாரும் சொல்லவும் இல்லை. வெளியே அந்தப் பையனின் அப்பா, என்ன தாமதம் என்று கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். அவர் எட்டிப் பார்த்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. வராந்தாவில் பத்துப் பேர் பட்டியலைப் படித்துக்கொண்டு நிற்கிறார்கள், மூன்றாவதை விட்டுவிட்டு ஐந்தாவதைக் கூப்பிட்டால் என்னவென்று கேட்பார்கள் என்பது தலைவருக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். என் மேல் இரக்கப்பட்டார் என்று நான் நம்பவில்லை. பட்டியலை இழுத்து டிக் போட்டார். "அழிக்கச் சொல்லுங்க" என்றார்.

கதவு இடுக்கில் அட்டெண்டரின் கை தெரிந்தது. துணி பலகையில் தேய்கிற சத்தம் கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்தபோது பலகையில் சுழி போட்டிருந்தார்கள். ஐந்தாவது பையனின் அப்பா என்னைப் பார்த்து, "மத்தியானம் வாங்க வேண்டியத இப்பவே பறிச்சிட்டியாக்கும்" என்றார். அவர் மகனுக்குக் கொஞ்ச நேரத்திலேயே பி.சி. வரிசையில் இதே ஸ்ட்ரக்சர்ஸ் கிடைத்தது. அதற்கப்புறமும் முறைத்துவிட்டுத்தான் போனார்.

என் கூட்டாளி பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "குடுத்துட்டாங்கடா" என்றேன். தலையை ஆட்டினான். "இன்னும் ரெண்டு மணி ஆகல" என்றான்.

மத்தியானம் அவனை மட்டும் கூப்பிட்டார்கள். உள்ளே போனவன் ரொம்ப நேரம் வரவில்லை. சர்டிபிகேட்டில் ஏதோ சொல்லித் திருப்பிவிட்டார்கள், என் மேல் உள்ள கோபத்தை அவன் மேல் காட்டிவிட்டார்கள் என்று எனக்குள் ஓடியது. காலையில் கையைப் பிடித்து இழுத்தவன் சொன்னது சரிதானோ என்று தோன்றியது. வராந்தாவில் நடந்தேன். அட்டெண்டர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

வந்தான். கையில் அட்மிஷன் சீட்டு. என்னிடம் காட்டாமல் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பட்டனைப் போட்டான். பஸ் நிறுத்தம் வரைக்கும் வேகவேகமாக நடந்தான். கண்மாய்க் கரையில் போகும்போதுதான் கேட்டேன்.

"ஏன்டா இம்புட்டு நேரம்?"

"அந்தத் தலைவரு உன்னப் பத்தித்தான் பேசுனாரு. உன் கூட்டாளி உனக்காகத் தன் சீட்ட விட்டுக்குடுத்துருக்கான், அத மறக்காம நல்லாப் படின்னாரு."

எனக்கு உச்சி வரைக்கும் ஏறியது. "நான் எங்கடா விட்டுக்குடுத்தேன்? நான் எடுத்தது என் ரேங்குக்கு வந்தது. நீ எடுத்தது உனக்கு வந்தது. இதுல தருமம் எங்கருந்து வந்துச்சு? நீ என்ன சொன்ன?"

"சரி சார்ன்னேன்."

"சரி சாரா?"

"கத்தாத. அவரு அப்ப இன்னும் கையெழுத்துப் போடல." நடந்துகொண்டே பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "போட்டு சீல் குத்தி என் கையில குடுத்தாரு பாரு, அதுக்கப்பறம் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"அவன் எனக்கு ஒன்னும் விட்டுக்குடுக்கல சார், அவன் மார்க்குக்கு உள்ளத அவன் எடுத்தான், எனக்கு உள்ளத நான் எடுத்தேன்னு."

"அதுக்கு அவரு?"

"அடுத்த ஆளக் கூப்பிடச் சொன்னாரு. ஹெட்கிளார்க்கு கட்டப் பிரிச்சு மாத்தி மாத்தித் தேடுறாரு, தேடுறாரு. மத்தியானத்துக்கு வேற ஆளே இல்ல மாப்ள. நீயும் நானும்தான்."

கல்லூரியில் சேர்ந்த பிறகும், நான் என் சீட்டை நண்பனுக்கு விட்டுக்கொடுத்த கதையை அந்த டிபார்ட்மெண்டில் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். நல்ல பையன் என்று பாராட்டவும் செய்தார்கள். கேட்கிற இடத்திலெல்லாம் அப்படி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அடக்கமாகப் பேசுகிறான் என்று அதற்கும் பாராட்டினார்கள். அவன் என்னைப் போல வாதாடவில்லை. அந்தக் கதையை யாராவது ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.